மாமன் மாண்ட மூன்று கதைகள்

மாவலி ஆறு முப்புறமும் வளைந்தோட, அந்தானை மலையின் நீலநிழல் ஒருபுறம் சரிந்து விழ, நடுவே ஏரிநீர் காற்றுக்கு அசைந்து கரைச்சுவரின் வெண்மையைத் துண்டுதுண்டாய் உடைப்பதும் மீண்டும் கூட்டுவதுமாய் விளையாடிக்கொண்டிருந்த ஒரு முழுமதி நாளின் பிற்பகல் அது. காலையெல்லாம் பெய்த மழை களைத்துப்போய் மலைமுகடுகளில் வெண்பஞ்சாய் ஒதுங்கிக் கிடந்தது. வெள்ளாடை உடுத்துத் தாமரை மொட்டுகளை ஏந்திப் புனிதப்பல் மாளிகைக்குச் சென்றிருந்தோர் வழிபாடு முடித்து, வெறுங்கையராய், ஈரப் படிகளில் மெல்ல இறங்கி வந்தனர். கண்டி நகரின் கடைத்தெருவில் பலகைக் கதவுகள் விடுமுறைக்கு மூடிக் கிடந்தன. மாவுக்குப் பஞ்சம் வந்த அந்த ஆண்டில், அடுமனை ஒன்றின் வாயிலில் மட்டும் மக்கள் துணிப்பைகளைத் தலைக்குமேல் பிடித்தபடி பாணுக்காக வரிசையில் நின்றனர். நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. மலைநாட்டில் தேயிலை நட்டு வளர்த்த தமிழரில் இன்னார் இங்கே இருக்கலாம், இன்னார் கடல் கடந்து போகவேண்டும் என்று இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, குடும்பம் குடும்பமாய் மக்கள் தலைமன்னார் செல்லும் புகைவண்டியில் ஏறிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

அந்தப் பிற்பகலில், மூடிய துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில், அடுக்கிய துணிக்கட்டுகளையே இருக்கையாகக் கொண்டு நால்வர் அமர்ந்திருந்தனர். கடைக்காரரின் மகன் நளீர் ஒருவன். அவன் தங்கை மஸீனா குண்டசாலையில் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். யாழ்ப்பாணத்திலிருந்து அரசு அலுவலகம் ஒன்றுக்கு எழுத்தராய் வந்து, அம்பிட்டியவில் மலைச்சரிவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தவன் சண்முகநாதன். நான்காமவள் இராஜகுமாரி, புசல்லாவைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் தையற்கடையில் வேலை பார்த்தவள். நகரின் நூலகத்தில் ஒரேயொரு அலுமாரியை நால்வரும் ஒருவரையொருவர் அறியாமலே படித்து முடித்திருந்தனர்; அந்த அலுமாரிதான் அவர்களை நண்பராக்கியது.

அதில் இருந்தவை தமிழாக்கம் பெற்ற பிறநாட்டு நெடுங்கதைகள். உறைபனி மூடிய வெளிகளில் விலங்கிட்ட காலோடு நடக்கும் கைதிகளும், ஈளைநோயில் இருமி இருமி மெழுகாய் உருகும் நங்கையரும், வாயில்வரை வந்து கதவைத் தட்டாமலே திரும்பிப்போகும் காதலரும் அந்த நூல்களில் வாழ்ந்தனர். வாழ்ந்தனர் என்பதைவிட, அழகாக மாண்டனர் என்பதே பொருந்தும். அவற்றைப் படித்துப் படித்து, துயரில் முடிவதே உயர்ந்த கதை என்ற எண்ணம் நால்வர் நெஞ்சிலும், ஈரமண்ணில் பாசி படர்வதுபோல், அவர்கள் அறியாமலே படர்ந்திருந்தது. ஒருவரேனும் உயிர்விடாத கதையை அவர்கள் கேட்டு முடித்தபின், "இன்னும் கொஞ்சம் எழுதலாம்" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கம்.

அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. முழுமதிதோறும் ஒருவர் தம் வீட்டில் கேட்ட பாட்டொன்றைப் பாடவேண்டும். மற்ற மூவரும் அதைக் கருவாகக் கொண்டு, தமக்குள் கலந்து பேசாமல், தனித்தனியே கதை எழுதி அடுத்த முழுமதிக்குக் கொண்டுவரவேண்டும். அந்தப் பாட்டைக் கட்டியவர் எவரோ, அவர் முன்னிலையிலேயே மூன்று கதைகளும் படிக்கப்படவேண்டும். பாட்டை வாங்கியவர்கள் கதையைத் திருப்பித் தரவேண்டும் என்பது மஸீனாவின் நேர்மை. இந்தக் கடைசி விதியை வகுத்தவள் அவளே. சென்ற முறை அவளுடைய தாயின் திருமணப் பாட்டு ஒன்று கதையானபோது, நளீர் தன் கதையில் மணப்பெண்ணை ஆற்று வெள்ளத்தில் மூழ்கடித்திருந்தான். தாய் அதைக் கேட்டு, வட்டிலப்ப இனிப்புத் தட்டை நீட்டியபடி, "எண்ட கலியாணப் பாட்டுல ஏன் மகன் ஆள மௌத்தாக்கின?" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். அவளால் சிரிக்க முடிந்தது. மூழ்கியதாய் எழுதப்பட்ட மணமகள் கையில் தட்டோடு எதிரே நின்றாள் அல்லவா. அந்தச் சிரிப்பின் காரணத்தை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இம்முறை பாடவேண்டியவள் இராஜகுமாரி. அவள் சற்று நாணி, சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டு, தன் தமையன் மனைவி நல்லம்மா பிள்ளையை உறங்கவைக்கக் கட்டிய தாலாட்டு என்று சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் பாடினாள்.

கப்பலேறிப் போன மாமன்
கம்மல் வாங்கி வருவாக
மலையேறி வந்த களைப்பு
மடியில் உன்ன வச்சாத் தீரும்
கண்ணு ரெண்டும் மூடு தாயே
காது குத்த நாளிருக்கு

பாட்டு நின்றபின்னும் அதன் ஓசை துணிக்கட்டுகளின் இடுக்குகளில் சற்றுநேரம் தங்கியிருந்ததுபோல் இருந்தது. பின்னர் இராஜகுமாரி அதன் பின்புலத்தைச் சொன்னாள். நல்லம்மாவுக்கு உடன்பிறந்தான் ஒருவனே, பெயர் வீரையா. அவன் தன் மனைவி வீட்டாரோடு இந்தியா செல்லப் பெயர் கொடுத்துவிட்டான். நல்லம்மாவின் கணவன் பழனியாண்டி இந்த மண்ணிலேயே இருக்க எழுதிக் கொடுத்திருந்தான். கம்பளைப் புகைவண்டி நிலையத்தில், புறப்படும் வண்டியின் சாளரத்திலிருந்து தலையை நீட்டி, கருவுற்றிருந்த தமக்கையிடம் வீரையா ஒன்று சொன்னான்: பிறக்கும் பிள்ளைக்குக் காது குத்தும்போது தான் வந்து மடி கொடுப்பதாகவும், அதுவரை வேறு எவன் மடியிலும் அமர்த்தவேண்டா என்றும் சொன்னான். தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவதே முறை என்பதை வாசிப்போர் அறிவர். மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று ஒருமுறை ஆள்வழிச் செய்தி வந்தது. அதன்பின் எதுவும் இல்லை. பிறந்த பெண்பிள்ளை புஷ்பம் மூன்றாம் வயதைக் கடந்தும் வெறுங்காதோடு ஓடித் திரிந்தாள். மாமன் வரும்வரை, அல்லது அவனிடமிருந்து ஒரு சொல்லேனும் வரும்வரை, அந்தக் காதுகளில் ஊசி படக்கூடாது என்பது நல்லம்மாவின் உறுதி.

"ஊருல எல்லாரும் ஏசுறாங்க. மதினி அசைய மாட்டேங்குது," என்றாள் இராஜகுமாரி. "காது குத்திட்டா அவன் வரமாட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிங்குது."

மஸீனாவின் கண்கள் கலங்கியிருந்தன. நளீர் துணிக்கட்டிலிருந்து எழுந்து நின்றான். "இதுல பெரிய கதை ஒண்டு ஈக்கி."

"ஓம்," என்றான் சண்முகநாதன். "இதைச் சும்மா விடக்கூடாது."

அந்த நொடியிலேயே மூவர் உள்ளங்களும், ஒரே சரிவில் ஊற்றிய நீர் ஒரே பள்ளத்தைத் தேடுவதுபோல், ஒரே முடிவை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டன. அதை அவர்களும் அறியவில்லை, பாடியவளும் அறியவில்லை.

மாதம் கழிந்தது. நளீர் வாடிக்கையாளர் வராத வேளைகளில், அளவுகோலை ஓரம் வைத்துவிட்டு எழுதினான். மஸீனா சிறுவரின் சிலேட்டுகளைத் திருத்திய கையோடு எழுதினாள். சண்முகநாதனுக்கோ எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை. அம்பிட்டியவின் சாளரத்தருகே ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்தவன், கதை தன்னைத்தானே சொல்லிக்கொண்டு வரக் கண்டு, அதைக் கலைக்க அஞ்சிப் படியெழுதுபவன்போல் மட்டும் உடனிருந்தான். முடித்தபோது அவனே அழுதான். அந்த அழுகை அவனுக்கு இனித்தது.

அடுத்த முழுமதி நாளன்று நால்வரும் காலையிலேயே பேருந்து ஏறினர். பேராதனைப் பாலம் கடந்து, கம்பளையின் வயல்களை விட்டு, நுவரெலியா செல்லும் நெடுஞ்சாலையில் வண்டி மூச்சிரைத்து மேலேறியபோது, சாலையின் இருபுறமும் தேயிலைச் செடிகள் சீவிய தலைகளோடு அணிவகுத்து வந்தன. சாளரத்தோரம் சாய்ந்திருந்த சண்முகநாதனின் மடியில் மடித்த தாள்களைக் கண்டு மஸீனா சீண்டினாள்.

"இந்த முறையும் ஒங்கட கதையில பனி கொட்டுதா?"

"மூடுபனிதான் ரீச்சர். கட்டியில்லை."

"அல்ஹம்துலில்லாஹ். போன முறை வெயில் காயுற குருநாகல்ல கொட்டின பனியில எனக்குத் தடிமல் புடிச்சிட்டு."

எல்லாரும் சிரித்தனர். இராஜகுமாரிதான் அனைவரிலும் மகிழ்ந்திருந்தாள். எழுதப் படிக்க அறியாத தன் மதினியின் பாட்டுக்காக மூன்று படித்தவர்கள் மலையேறி வருகிறார்கள் என்பது அவளுக்குப் பெருமிதமாய் இருந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றின் முன் பாய் விரிக்கப்பட்டிருந்தது. நல்லம்மா பெட்டியிலிருந்து எடுத்த சேலையை, மடிப்புத் தடம் மாறாமல் உடுத்தியிருந்தாள். கொழுந்து கொய்து கறைபடிந்த விரல்களால் அவள் அவித்த மரவள்ளிக் கிழங்கையும் காரச் சம்பலையும் பரிமாறினாள். பழனியாண்டி கருப்பட்டித் துண்டோடு தேநீர் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டு ரத்தினம்மா இடுப்பில் கைவைத்து நின்று வந்தவர்களை அளந்தாள்.

"டவுனுல இருந்து நமக்குக் கதை சொல்ல வந்திருக்காங்களாம். ஏன், நம்மகிட்ட இல்லாத கதையா?"

"நீ சொன்னா விடியுறவரைக்கும் முடியாதே அக்கா," என்றான் பழனியாண்டி.

"முடிச்சிட்டா நீங்கள்லாம் எந்திரிச்சுப் போயிருவீங்கள்ல," என்றவள், ஓடிவந்த புஷ்பத்தைப் பிடித்து நிறுத்தினாள். "இந்தக் காதப் பாருங்க சாமி. மூளிக் காது. பொம்பளப் புள்ளையா பொறந்து என்ன பிரயோசனம்?"

நல்லம்மா பிள்ளையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாமன் வந்து குத்துவான். உனக்கு என்ன அவசரம்?" பின் விருந்தினரை நோக்கி, வெட்கத்தோடு, "என் பாட்டுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? அது பாட்டே இல்லீங்க. புள்ளைய ஏமாத்துறது," என்றாள்.

கதைகள் தொடங்கின. நளீரின் கதையில் வீரையா இராமேசுவரத்துக் கடற்கரையில் வலை இழுத்துக் கூலி சேர்த்தான். கம்மல் வாங்கி இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு, கள்ளப் படகேறித் தமக்கை இருக்கும் கரைக்குத் திரும்பும் வழியில், அலை படகைக் கவிழ்க்க, முடிச்சை இறுகப் பற்றியபடியே நீருள் அமிழ்ந்தான். மஸீனாவின் கதையில் அவன் முகாமின் ஓலைக் கொட்டகையில் காய்ச்சலில் கிடந்தான். கடைசி மூச்சில் அவன் சொன்னது தமக்கை பெயரா தண்ணீர் என்றா என்று மனைவிக்கு விளங்கவில்லை. சண்முகநாதனின் கதையில் அவன் நீலமலைக் காட்டில் மரம் வெட்டினான்; ஒரு வைகறையில், மூடுபனியில், சாயும் மரம் எத்திசையில் சாய்கிறதென்று காணாமல் நின்றான். மரத்தின்கீழ்க் கிடந்தவனின் கண்முன் இலைகளின் இடைவெளி சிறுத்துக்கொண்டே போக, தான் என்றும் கண்டிராத ஒரு குழந்தையின் முகத்தை அந்த ஒளித்துளியில் வரைய முயன்று, காதுகள் எப்படி இருக்கும் என்று அறியாமலே அவன் கண்மூடினான்.

அது மிக நன்றாக எழுதப்பட்ட கதை. அதை மறைத்துப் பயனில்லை. ரத்தினம்மா சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு விம்மினாள். சுற்றிநின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினர். பழனியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தக் கண்ணீரைக் கண்டபோது, படித்த மூவர் நெஞ்சிலும், இருட்டறையில் ஒளித்துவைத்த விளக்குப்போல், சிறியதொரு மகிழ்ச்சி எரிந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

நல்லம்மா அழவில்லை. மடியில் உறங்கிப்போன பிள்ளையின் தலையை ஒரு கையால் தாங்கியபடி, நெடுநேரம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு நளீரிடம் கேட்டாள்.

"படகு கவுந்தது அந்தக் கரைப்பக்கமா தம்பி, இந்தக் கரைப்பக்கமா?"

நளீர் திகைத்தான். "அது… நான் நெனச்சி எழுதினதக்கா."

"மூணு பேரும் சேந்து உக்காந்து பேசி எழுதுனீங்களா?"

தங்கள் நேர்மையில் ஐயம் எழுந்ததோ என்று எண்ணிய மஸீனா விரைந்து மறுமொழி சொன்னாள். "இல்ல, இல்ல. பேசப்படாதுண்டுதான் எங்கட சட்டம். ஒருத்தர் எழுதினத்த மத்தவர் இண்டைக்கித்தான் கேக்குற."

"அப்ப மூணு பேருக்கும் தனித்தனியாத்தான் தோணியிருக்கு," என்றாள் நல்லம்மா மெதுவாக.

பழனியாண்டி நிலைமையை உணர்ந்து குறுக்கிட்டான். "கதைடி இது. படிச்சவங்க பொழுது போறதுக்கு எழுதுறது. இதுக்குப் போயி…"

"ஓம் அக்கா," என்றான் சண்முகநாதன். அவன் குரல் அவனுக்கே அயலாய்க் கேட்டது. "எல்லாம் கற்பனை. அவரைப்பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாது."

"தெரியாதுதான் தம்பி. நான் தெரியும்னு சொல்லல." அவள் குரலில் சினம் இல்லை. "தெரியாதவங்க மூணு பேரு அவன நெனச்சுப் பாத்திருக்கீங்க. ஒருத்தருக்குக்கூட அவன் உசிரோட இருக்கிற மாதிரி நெனப்பு வரலையே. நான் ஒருத்திதான் அப்பிடி நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் போல."

அதற்கு விடை ஒன்று இருந்தது. துயரம் அழகு என்று நாங்கள் படித்த நூல்கள் சொல்லின. அழகுக்காக உன் உடன்பிறந்தானை நாங்கள் மூவரும் தனித்தனியே கொன்றோம். அவன் சாவைப்பற்றி எங்கள் கதைகள் அறிந்தது ஏதுமில்லை. எங்களைப்பற்றியே அவை சொல்கின்றன. இதுவே உண்மையான விடை. நல்லம்மா எண்ணியது பிழை என்பதை அதுவொன்றே மெய்ப்பித்திருக்கும். ஆனால் அந்தப் பாயில் அமர்ந்து, அவள் தந்த கிழங்கை உண்ட வாயால், அதைச் சொல்லும் துணிவு மூவரில் எவருக்கும் வரவில்லை. தேநீர்க் குவளைகளை இராஜகுமாரி ஒவ்வொன்றாய் எடுத்துச் சென்றாள்.

திரும்பும் வண்டியில் எவரும் எவர் கதை சிறந்தது என்று கேட்கவில்லை.

அதன்பின் சண்முகநாதன் நான்காவது கதையொன்றை எழுத முற்பட்டான். அதில் வீரையா உயிரோடிருந்தான். ஏதோவொரு மலையடிவாரத்தில் சிறு தேநீர்க்கடை வைத்திருந்தான். இரும்புப் பெட்டியில் கம்மலைப் பொதிந்து வைத்துக்கொண்டு கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தான். முடிவில் வந்தும் சேர்ந்தான். ஆனால் எழுதும் கைக்கு அந்த மகிழ்ச்சி பழகவில்லை. முதற்கதை மடைதிறந்த நீராய் ஒரே மாலையில் வந்தது. இதுவோ, வறண்ட கிணற்றில் வாளியை விட்டு விட்டு இழுப்பதுபோல், சொல்லுக்குச் சொல் தரையில் மோதியது. வீரையா சிரிக்கும் இடத்தில் அந்தச் சிரிப்பு பொய்யாய்த் தெரிந்தது. அடித்தான், மீண்டும் எழுதினான், மீண்டும் அடித்தான். வாழ்வோரை வாழவைக்கும் கலையைத் தனக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தான். ஆயினும் விடாமல் எழுதி, ஒருவாறு முடித்து, அதை நல்லம்மாவிடம் கொண்டுசெல்ல நாள் பார்த்திருந்தபோது, இராஜகுமாரி அவன் அலுவலக வாயிலில் வந்து நின்றாள்.

"தை மாசம் வர்ற வெள்ளிக்கிழம, மாரியம்மன் கோயில்ல புஷ்பத்துக்குக் காது குத்துறாங்க," என்றாள். "மதினி உங்களத்தான் மடி குடுக்கக் கூப்பிடுது."

"என்னையோ?"

"பெரியப்பா மகன் இருக்காரு. மொறைக்கு இன்னும் ஆளுங்க இருக்காங்க. யாரும் வேணாம்னுருச்சு. அந்தக் காட்டுக் கதைய எழுதுன தம்பியக் கூட்டியான்னு ஒரே பிடியா நிக்குது."

"என்னில கோபமோ?"

"எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு. கேட்டேன். இல்லன்னுச்சு." இராஜகுமாரி சாலையைப் பார்த்தபடி நின்றாள். "'அவன் சாகுறப்ப பக்கத்துல இருந்தவரு அவரு ஒருத்தருதானே'ங்குது."

வெள்ளிக்கிழமை விடிந்தது. மலைகள் பனித்திரையை மெல்ல விலக்கிக்கொண்டு வெளிப்பட, வேப்பிலைத் தோரணம் காற்றில் அசைய, சிறிய அம்மன் கோயிலின் முன் தோட்டத்தார் திரண்டிருந்தனர். சண்முகநாதன் புதுவேட்டி உடுத்தி, கண்டியில் வாங்கிய கம்மலையும் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடையையும் தட்டில் ஏந்தி நின்றான். சட்டைப்பையில் நான்காவது கதை இருந்தது. நல்லம்மா அவனை எதிர்கொண்டு அழைத்து, உடன்பிறந்தானுக்கு நீட்டுவதுபோல் இருகையாலும் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"அக்கா, இன்னொண்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். இண்டைக்கே குத்தவேண்டாம். முதல்ல இதைக் கேளுங்கோ."

"அதுல என்ன?"

"அவர் வாறார் அக்கா. காதுத் தோட்டோட வாறார்."

நல்லம்மா புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையில் அவன்மீது இரக்கம் இருந்தது. "நான் கேட்ட பெறகு எழுதுனீங்க. எனக்காக எழுதுனது. அன்னைக்கு எழுதுனது தன்னால வந்தது. இல்லையா தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நானுந்தான் பாட்டுக் கட்டுறேன். தன்னால வர்றதும் தெரியும், புள்ளைக்காக இழுத்துக் கட்டுறதும் தெரியும். வாங்க. ஆசாரி காத்துக்கிட்டு இருக்காரு."

கோயிலின் முன் மணைப்பலகையில் அவனை அமர்த்தினர். நெற்றியில் நீறு பூசினர், தோளில் துண்டு போர்த்தினர். கம்பளையிலிருந்து வந்த பொற்கொல்லர் ஊசியைத் தணலில் காட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். தலை மழித்துச் சந்தனம் பூசிய புஷ்பத்தை ரத்தினம்மா தூக்கிவந்து அவன் மடியில் வைத்தாள். புதியவர் கையில் அழுது பழகிய அந்தப் பிள்ளை, அன்று அழவில்லை. கழுத்தைப் பின்னுக்கு வளைத்து அவன் முகத்தை ஊன்றிப் பார்த்தாள்.

"நீங்கதான் மாமாவா?"

அவன் நல்லம்மாவை நோக்கினான். அவள் வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல்லயா வந்தீங்க?" என்றாள் பிள்ளை.

"ஓம்," என்றான் சண்முகநாதன்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பிறந்த நாள்முதல் தான் கேட்டுவந்த வாக்கு நிறைவேறிவிட்ட அமைதியோடு, பிள்ளை தன் மழித்த தலையை அவன் மார்பில் சாய்த்து, காதைப் பொற்கொல்லர் பக்கம் தானே திருப்பிக் கொடுத்தாள். ஊசி இறங்கியது. அவள் வீறிட்டுக் கதறி, அவன் சட்டையை இரு கையாலும் பற்றிக்கொண்டாள். பற்றிய இடத்தில், பைக்குள் இருந்த தாள்கள் கசங்கும் ஓசை அவனுக்கு மட்டும் கேட்டது. பெண்கள் குலவையிட்டனர். பிள்ளையின் கதறலுக்கு எல்லாரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பின் மறைவில், கோயிலின் பின்புறம் சென்று, கல்லில் தலை சாய்த்து, இத்தனை ஆண்டும் அழாத அழுகையை நல்லம்மா அழத் தொடங்கினாள்.

வீரையா அந்த வேளையில் எந்த ஊரில் எந்த வேலையில் நிமிர்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்தானோ, துடைக்கக் கையற்று எந்த மண்ணுள் கிடந்தானோ, அறிந்தார் எவரும் இலர், இன்றும் இலர். ஆயினும் அந்தத் தோட்டத்தில் அவன் மாண்டது அந்தக் காலையில்தான்: பறை இல்லை, பாடை இல்லை, குலவை ஒலிக்க, சந்தனம் மணக்க, ஒரு பிள்ளையின் காதில் இரு துளிக் குருதியோடு. கதை எழுதுவோர் உயிர்களை எளிதாய் எடுக்கின்றனர். எடுத்த உயிர் தாளோடு போய்விடுவதில்லை. அதை நம்பிக் காத்திருந்த ஒருவரின் வாசலில் அது போய் விழுகிறது. அங்கே அதை எடுத்து அடக்கம் செய்ய, எழுதியவனே போய் அமரவேண்டியிருக்கிறது. சண்முகநாதன் அசையாமல் அமர்ந்திருந்தான். அழுது களைத்த பிள்ளை அவன் மடியிலேயே உறங்கிவிட்டாள்.